சின்னத்துரை வண்டிச் சத்தம்

“…அதனாலதான் சொல்றேன், வாயை மூடுய்யா. நீ பேசினா அது பேசாது.”

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். முன்பாதியில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் அந்தத் தோட்டத்துத் தபால்காரன். பதுளையிலிருந்து மேலே ஏழு கட்டை, அதாவது ஏழு மைல். விடிந்ததும் இறங்கி, பதுளைத் தபால் கந்தோரில் தோட்டத்துப் பையை வாங்கிக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். பதினாலு கட்டையும் மழைக்கும் அட்டைக்கும் நடுவே தனியாக நடக்கிறவன், ஒரு ஆளைக் கண்டால் சும்மா விடுவானா? எனக்குப் படிப்பும் அந்த நடையில் வந்ததுதான். உறைமேல் எழுதியிருக்கிற விலாசங்களை எழுத்துக் கூட்டிக் கூட்டியே தமிழ் படித்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. ஜனங்கள் சொல்கிற சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்வதுதான் என் படிப்பு. அவர் சொன்னதை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.

அன்றைக்குப் பையோடு ஸ்டோருக்குள் நுழைந்தேன். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து உருட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், முழங்கை வரைக்கும் எண்ணெய் பூசிய ஒல்லியான ஒரு மனிதர் குனிந்து நின்றார். கையில் மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடியின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா என்று மேலே போட்டுப் பார்ப்பார்களே, அந்த நீளக் கம்பு. அதன் ஒரு நுனி மெஷின் இரும்பில் இருந்தது. மறு நுனியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திப் பிடித்திருந்தார். இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

நான் வாயை மூடினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற ஸ்டோர் ஆட்களைப் பார்த்து, “ஆத்துப் பக்கத்துக் காலடியில ரெண்டாவது நட்டு தளந்திருக்கு. எட்டு நாளா அழுவுது. நீங்க எட்டு நாளா தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கீங்க” என்றார்.

போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது நட்டுதான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தோட்டத்திலும் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு இஞ்சின்காரர், என் வயதுக்காரர்களுக்கு இஞ்சின் அண்ணன். திருச்சிப் பக்கம் என்றார்கள். எந்த ஊர் என்று நான் இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம், “சத்தமில்லாத ஊரு” என்றார். இரண்டாம் தரம் எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு காம்பராவில் தனியாக இருந்தார். அவருடைய கதவுக்கு எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டு, திறந்தால் ஒரு முனகல் வராது. நாங்கள் இருந்த வரிசை வீட்டு லயத்தில் கதவு கிறீச்சிடாத வீடே கிடையாது. அவர் அந்தப் பக்கமாக நடந்து போனால், பல் வலிக்காரன் மாதிரித் தாடையைப் பிடித்துக்கொண்டு போவார்.

“சும்மா கத்துறது எதுவும் கிடையாது” என்பார். “கத்துற மெஷினுக்குப் பயப்படாதே. அது உன்னைக் கூப்பிடுது. நேத்து வரைக்கும் கத்தி இன்னைக்குத் தானா நின்னுச்சு பாரு, அதுக்குப் பயப்படு.” கங்காணி சிரிக்கிறதைக் கேட்டு, “அந்தச் சிரிப்புல எங்கேயோ ஆணி கழண்டிருக்கு, தள்ளி நில்லு” என்பார். நான் வாய் ஓயாமல் பேசுவதைப் பற்றி அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “உனக்குக் கோளாறு ஒண்ணும் இல்லை. சரக்கு இல்லாம ஓடுற உருளை இப்படித்தான் கடகடங்கும்.”

அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் அவர் காதுக்குப் பேர் இருந்தது. பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். மோட்டார் சைக்கிள் என்பது அங்கொரு துரையும் இங்கொரு துரையும் வைத்திருந்த சாமான். ஒரு தரம் வேறு தோட்டத்துத் துரை ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் திரும்பினால் மட்டும் ‘கிணிங், கிணிங்’ என்று ஒரு சத்தம். பட்டறையில் இரண்டு தரம் இஞ்சினைக் கழற்றிப் பூட்டியாகிவிட்டது. சத்தம் போகவில்லை. இஞ்சின் அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டோரைச் சுற்றி நாலு தரம் ஓட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு துரையின் இடுப்பைக் கைகாட்டி, “மெஷின்ல இல்லீங்க. அந்தச் சாவிக்கொத்தை வேற பக்கம் மாட்டுங்க” என்றார். திரும்பும்போது சாவிக்கொத்து எண்ணெய்த் தாங்கியில் இடித்திருக்கிறது. துரை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு டின் பிஸ்கோத்து கொடுத்துப் போனார். அதில் பாதியை எனக்குக் கொடுத்த இஞ்சின் அண்ணன், “தூரமாப் போய்க் கடி. நொறுநொறுங்குது” என்றார்.

இதுவரைக்கும் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் உண்டு.

கவ்வாத்து வெட்டுகிற கிழவர் ஒருவர் ஒரு நாள் பிரட்டுக் களத்தில் நின்று இருமினார். காலையில் பேர் எடுக்கிற இடம், நூறு பேர் நிற்கிறோம், பத்துப் பேர் இருமுகிறார்கள். இஞ்சின் அண்ணன் என் தோளைத் தட்டி, “அவரு மகன் எந்தத் தோட்டம்?” என்று கேட்டார்.

“கொஸ்லந்தைப் பக்கம் அண்ணே. எதுக்கு?”

“கடுதாசி போடு. வரச் சொல்லு.”

“நேத்தும்தானே இருமினாரு?”

“நேத்து இருமினது வேற. இன்னைக்கு அடியில தண்ணி நிக்குது.”

எழுதிப் போட்டேன். மகன் வந்து சேர்ந்தான். அவன் வந்த மறுநாள் கிழவர் போய்விட்டார். அதற்குப் பிறகு இஞ்சின் அண்ணன் வருகிறார் என்றால் ஜனங்கள் இருமலை அடக்கிக்கொள்வார்கள். பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். அவருக்கு அது தெரியும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கமே போவதைக் குறைத்துக்கொண்டார். “காதுக்கும் கண்ணு மாதிரி ஒரு இமை வெச்சிருக்கலாம்” என்று ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார்.

இனிமேல் சின்னத்துரை வண்டி.

சின்னத்துரை சண்டைக்குப் போய் வந்தவர். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று காது மந்தம். வலது காதில் கத்தினால் கொஞ்சம் விழும், இடது காது சுத்தமாக இல்லை. ஆள் கெட்டவர் இல்லை. சட்டம் என்றால் சட்டம், அவ்வளவுதான். நிரையில் நிற்க வேண்டிய ஆள் நிரையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர். முழு நாள் வேலை செய்தவளுக்கும் பாதிக் கூலி. அதிலே அவர் முகம் பார்க்கிறதில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிளில் ஒரு ‘டொக்’ இருந்தது. வண்டியின் மற்ற இரைச்சல் ஆற்று இரைச்சலோடு கலந்துபோகும். இந்த டொக் மட்டும் மரம் வெட்டுகிற கோடாலி மாதிரி மலைமேல் ஏறும். பாலத்தடியில் வண்டி வரும்போதே, பாதை மூன்று முடக்காக வளைந்து ஏறுகிற கொழுந்து மலையில் கேட்கும். வெற்றிலை போட்டு முதல் எச்சில் துப்புகிற நேரம் கையில் இருக்கும். அதற்குள் உட்கார்ந்தவன் எழுந்துவிடுவான், கதை பேசினவள் கூடையைச் சரிசெய்வாள், கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொள்வார். டொக்குத் துரை என்றே அவருக்குப் பேராகிவிட்டது. எல்லாருக்கும் கேட்ட சத்தம், வண்டிமேல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு மட்டும் கேட்காது.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம், ஒருவரைத் தவிர. ஸ்டோரைத் தாண்டி வண்டி போகிற ஒவ்வொரு தரமும் இஞ்சின் அண்ணன் வேலையை நிறுத்திவிடுவார். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

அது காத்தாயிக்குத் தெரிந்திருக்கிறது. காத்தாயி மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவள். கையில் மூன்று மாதப் பெண்பிள்ளை; வேலை நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருப்பாள். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“இஞ்சின் அண்ணே, ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது.”

“கேளு தங்கச்சி.”

“சின்னத்தொரை வண்டி டொக்கை நீங்க தொட்றாதீங்க அண்ணே.”

அவர் எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தார். அவளே மேற்கொண்டு சொன்னாள். “புள்ளக்காம்பராவுல மத்த புள்ளைங்க கஞ்சித்தண்ணி குடிக்குதுங்க. இது ஒதட்டாலயும் தொட மாட்டேங்குது. பால் குடுக்கப் பகல்ல ஒரு தடவைதான் விடுறாங்க, அது பத்தலை. நடுவுல ஒரு ஓட்டம் போய்க் குடுத்துட்டு வந்தா இழுத்துப் புடிச்சிக்கும். கங்காணி கண்டும் காணாம இருக்காரு, தொரை கண்ணுல படாத வரைக்கும். பாலத்துல அந்தச் சத்தம் கேட்டா நான் நெறைக்கு வந்து சேந்துடுவேன். இன்னும் ரெண்டு மாசம். பல்லு மொளைச்சா கஞ்சி குடிச்சிரும்.”

இஞ்சின் அண்ணன் கையைத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்தார். “தொரைகிட்ட நான் வாயைத் தொறக்க மாட்டேன். போ” என்றார்.

அவள் போன பிறகு நான் சும்மா இருக்காமல், “தொரைக்கே கேக்காத சத்தத்துக்கு உங்களுக்கு என்ன அண்ணே?” என்றேன்.

“அவருக்குக் கேக்காததுதான்யா எனக்குப் பாரம்.”

காத்தாயிக்குக் கொடுத்த சொல்லைப் பதினோரு நாள் காப்பாற்றினார். நான் எண்ணினேன். வண்டி வருகிற நேரத்துக்கு எண்ணெய் துடைக்கிற பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வார். ஸ்டோர் ஆட்கள், “என்ன இஞ்சின் அண்ணே, காது குத்துக் கல்யாணமா?” என்று கேலி செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பஞ்சு அடைத்தும் பிரயோசனம் இல்லை என்று என்னிடம் சொன்னார். காதால் வராவிட்டால் தரை வழியாகக் கால் எலும்பில் வருகிறதாம்.

பதினோராம் நாள் பதுளையிலிருந்து நான் வந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பஞ்சு.

“மாறிடுச்சு” என்றார்.

“என்ன மாறிடுச்சு?”

“மெஷின் சூடானதும் டொக் அடங்கினா பிஸ்டன். அது நாலு வருசம் கூட ஓடும். சூடாக ஆகக் கூடினா அடிப் புஷ். பிஸ்டன் தடியோட அடியில இருக்கிற புஷ் தேயுது. இது கூடுது. இன்னைக்கு அதுக்குப் பின்னாடி ஒரு ‘க்ர்’ வந்திருச்சு. ஒரு மாசம் தாங்காது. தடி முறிஞ்சா வார் இறுகிப் பின்சக்கரம் புடிச்சிக்கும். ஏத்தத்துல முறிஞ்சா பொழைச்சான். எறக்கத்துல முறிஞ்சா…” கையால் பள்ளத்தைக் காட்டினார்.

நான் அன்றைக்குச் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கே கூசுகிறது. “போனாப் போறாரு அண்ணே. தொரைக்கா பஞ்சம்? அடுத்த கப்பல்ல இன்னொண்ணு வரும்” என்றேன். லயத்தில் எல்லாரும் சொல்கிற வேடிக்கைதான்.

“நான் கேட்டுட்டேனே” என்றார் அவர். “கேக்காதவன் சொல்லலாம். நீ சொல்லலாம்.”

சனிக்கிழமை வண்டி துடைக்க வந்தபோது சின்னத்துரையின் வலது காதுப் பக்கம் போய் நின்று கத்திச் சொல்லிவிட்டார். துரை வண்டியைத் தட்டிப் பார்த்தார், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். இஞ்சின் அண்ணன் மட்டக்கம்பை எடுத்து ஒரு நுனியை ஓடுகிற இஞ்சினில் வைத்து, மறு நுனியைத் துரையின் காது எலும்பில் வைத்தார். துரையின் முகம் வெளுத்தது. எலும்பு வழியாக அவருக்கும் கேட்டிருக்கிறது. அன்றைக்கே கொழும்புக்குக் கடுதாசி எழுதினார். புது புஷ் வருகிறவரைக்கும் ஏற்றத்தில் மட்டும் ஓட்டினார், இறக்கத்தில் தள்ளிக்கொண்டே நடந்தார். அந்தக் கடுதாசியைப் பதுளைக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

தோட்டத்தில் எந்தச் செய்தி நிற்கும்? காத்தாயி பாதையில் என்னை மறித்தாள். இஞ்சின் அண்ணனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. “அண்ணே, அந்தச் சாமான் தபால்ல வந்தா கொஞ்சம் தாமசமாக் கொண்டாங்க. ஒரு மாசம். எங்கேயாவது வெச்சிருங்க. மழைன்னு சொல்லுங்க” என்றாள். சரி தங்கச்சி என்றேன்.

வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பொட்டலம், எண்ணெய்க் காகிதம் சுற்றி. பதுளைக் கடைவீதியில் எனக்குத் தெரிந்த நம்மாள் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய பெட்டிக்கடியில் அதை வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் அங்கே இருந்தது. மூன்றாம் நாள், வழியில் சின்னத்துரை வண்டியைத் தள்ளிக்கொண்டு முடக்கில் நின்றார். என்னைக் கண்டதும், பொட்டலம் வந்துவிட்டதா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த மனிதர் நம்பித் தலையாட்டியதும், இனி அதை ஒளித்து வைக்க என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அது பயமா, இரக்கமா, வேலை போய்விடும் என்ற கலக்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். கால் ராத்தல் இருக்காது. அந்த ஏழு கட்டை மாதிரி ஒரு ஏழு கட்டை நான் நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இஞ்சின் அண்ணன் வண்டியைப் பிரித்துப் பூட்டினார். திங்கட்கிழமை நான் பையைக் கொடுக்கப் போனபோது, வண்டி ஸ்டோரைத் தாண்டி மேலே போனது. பட்டுத்துணியை இழுத்த மாதிரிப் போனது. அவர் வாசலில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நீண்ட நாள் தலைவலி விட்டவன் சிரிப்பு. “கேட்டியா?” என்றார். “ஒண்ணுமே இல்லை பாரு.”

நாங்கள் அப்படி நின்ற நேரத்தில்தான் மேலே காத்தாயி பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பால் குடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் பாலத்தில் வைத்திருந்தாளாம். நிமிர்ந்தபோது சின்னத்துரை முன்னால் நிற்கிறார். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. சட்டைப்பைப் புத்தகத்தை எடுத்து அரைப்பேர் என்று குறித்தார். கங்காணியைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வருகிற தலைக்காசு உனக்கும் வெட்டு என்றார். கங்காணி அன்றைக்கே காத்தாயியை மலை உச்சி நிரைக்கு மாற்றி, பக்கத்திலேயே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். “அவ புள்ளையைப் பாத்தா என் புள்ளைங்க பட்டினி” என்றாராம். அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டு நாள் அந்தப் பிள்ளை இருந்தது. மழைக்காய்ச்சல் என்று மருந்துக்காரையா எழுதினார். அந்த மாதம் காய்ச்சல் கண்ட பிள்ளைகள் இன்னும் சிலர் இருந்தார்கள், அவர்கள் பிழைத்தார்கள். துரைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இஞ்சின்காரர்தான் காரணம் என்றும் வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. என்னைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. பொட்டலம் கொண்டுவந்தவனை யார் நினைக்கிறார்கள்?

பிள்ளை போன நாலாம் நாள் காத்தாயி வேலைக்கு வந்தாள். மாலையில் கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு வருவாள். கூடையைத் தராசில் வைப்பாள், எடுப்பாள், போவாள். ஸ்டோர் வாசலில் இஞ்சின் அண்ணன் நிற்பார். மடுவத்துப் பக்கம் வராத மனிதர் இப்போது தினமும் வந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் முகத்தைத் திருப்பவும் இல்லை. ஒரு மூச்சு பெரிதாக விடவில்லை.

“ஒரு சத்தம் வரலியேய்யா” என்றார் என்னிடம். “மண்ணை வாரித் தூத்தட்டும். ஒரு வார்த்தை ஏசட்டும். எங்கே ஒடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். தினம் நின்னு கேக்கறேன். ஒண்ணுமே இல்லை.”

நான் ஆறுதலாக என்னவோ சொன்னேன். எனக்குத்தான் வாய் நிற்காதே. அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவள் லயத்துப் பாதையில் ஏறி மறையும் வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அவருடைய காம்பராக் கதவு கிறீச்சிட ஆரம்பித்தது. எண்ணெய் போடவில்லை. நான் போட வருகிறேன் என்றதற்கு, “இருக்கட்டும், அதாச்சும் கத்துதே” என்றார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. வண்டி துடைக்க வந்திருந்தது. சிகரட் டின் ஒன்றின் தகரத்தை வெட்டி, பின்சக்கரத்துக்கு மேலே சேறு தடுக்கிற மட்காப்பின் உள்பக்கம் அவர் கம்பியால் கட்டுவதைப் பார்த்தேன். சக்கரம் சுற்றினால் கம்பிகளில் ‘டக டக டக’ என்று அடிக்கும். ஒரு கெடுதலும் இல்லை. சத்தம் மட்டும்தான்.

“என்ன அண்ணே இது?” என்றேன்.

“மேல்மலையில இப்ப கைப்புள்ளைக்காரி எத்தனை பேரு?”

“மூணு பேரு.”

“அப்ப சரி” என்று கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

சின்னத்துரைக்கு அது கேட்கவே இல்லை. மலை முழுக்கக் கேட்டது. டொக்குத் துரை, டக்குத் துரை ஆனார். கங்காணி மறுபடி நேரம் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. இஞ்சின் அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் சரியாகவில்லை. அந்தத் தகரச் சத்தம் போகும்போது முன்பு போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். கட்டியவரும் அவர்தான், தாங்காதவரும் அவர்தான்.

பெரியதுரைக்குக் காது நன்றாக இருந்தது. வயதானவர், குதிரையில்தான் வருவார். ஒரு காலை நேரம், மடுவத்தில் முதல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெரியதுரையின் கடுதாசி தாமதமானதால் நான் அன்றைக்கு இன்னும் பதுளைக்குப் போகிற பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். சின்னத்துரை வண்டியோடு வந்து நின்றார், பின்னாலேயே பெரியதுரையும் குதிரையில் வந்து சேர்ந்தார்.

“இஞ்சின்காரன், இங்கே வா. இது என்னா சத்தம்?”

இஞ்சின் அண்ணன் வந்தார். பெரியதுரை குதிரையிலிருந்து இறங்கி, குனிந்து, தானே மட்காப்புக்குள் விரலை விட்டு அந்தத் தகரத்தைத் தட்டினார்.

“என்னா இது?”

“மண்ணு தெறிக்காம இருக்கக் கட்டினதுங்க தொரை.”

பெரியதுரை அவரையே பார்த்தார். பிறகு மலையை ஒரு தரம் பார்த்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் இருந்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. “எடு” என்றார். “இனி இந்த வண்டியிலே ஒரு சத்தம் கேட்டா, உனக்குப் பத்துச்சீட்டு. அன்னைக்கே தோட்டத்தை விட்டுப் போகணும்.”

இஞ்சின் அண்ணன் மண்டிபோட்டுக் கம்பியை அவிழ்த்தார். தகரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்னத்துரைக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளி ஓடி ஏறினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி முதல் முடக்கை நோக்கிப் பூனை மாதிரிப் போனது.

மடுவத்தில் நின்ற எல்லாரும் மேலே பார்த்தோம். மேல்மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு சிவப்புச் சேலை கூடையில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தது. யார் என்று அங்கிருந்து தெரியவில்லை. மூன்று பேரில் ஒருத்தி.

“இப்போ சத்தம் இருக்கா?” என்று கேட்டார் பெரியதுரை.

இஞ்சின் அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இல்லீங்க” என்றார்.

சொல்லிவிட்டு ஸ்டோர் வாசலுக்கு நடந்தார். அவசரமே இல்லை. அங்கே உடைந்த உருளையின் இரும்புத் தட்டு ஒன்று வெகுநாளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. பெரிய சம்மட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். பெரியதுரை பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நிறுத்தி, இன்னொன்று. மலை திருப்பிச் சொன்னது. சிவப்புச் சேலை நின்று, திரும்பி, நிரையை நோக்கி ஓடியது. வண்டி மூன்றாம் முடக்கையும் தாண்டி மறைந்துவிட்டது. பெரியதுரை இரண்டு தரம் “போதும்” என்று கத்தினார். இஞ்சின் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார்.